கேட்ட ஓசையும் காணாத கருவியும்

ஓசை ஆகாயத்தின் குணம் என்பதும், அதனைக் கொள்வது செவிப்பொறி என்பதும் சைவநூல் கற்றார் யாவரும் அறிந்தவை. செவி கொள்வது ஓசை ஒன்றனையே. அவ்வோசையைப் பிறப்பித்த கருவி செவிக்குப் புலனாவதில்லை. மறைவிலிருந்து எழும் இன்னோசையைக் கேட்டு 'இது குழல்' என்று ஒருவர் துணியுங்கால், ஓசை காட்சியால் அறியப்படுகின்றது. குழல் கருதலால் அறியப்படுகின்றது. இவ்விரண்டும் இமைப்பொழுதில் ஒருங்கு நிகழ்தலின், கருதலையும் காட்சி என்றே கொண்டு மக்கள் மயங்குவர். அளவை நூலைப் பல்லாண்டு பயின்றாரையும் இம்மயக்கம் விடுவதில்லை. அதற்குத் திருமுதுகுன்றத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த சிறு செய்தியொன்று சான்றாகும்.

விருத்தாசலம் என இக்காலத்து வழங்கும் திருமுதுகுன்றம் மணிமுத்தாற்றங்கரையில் உள்ளது. மூவர் முதலிகளும் பாடிய தலம். பழமலைநாதரும் பெரியநாயகியாரும் எழுந்தருளியிருக்கும் இடம். மெய்கண்ட தேவர் அவதரித்த திருப்பெண்ணாகடம் இதற்கு அணித்தே உள்ளது. சிவஞான சித்தியார் அருளிய அருணந்தி சிவாசாரியாரின் திருத்துறையூரும் இப்பகுதியினதே. ஆதலின் இவ்வூரில் சித்தாந்தம் பேசுதல் தாய்வீட்டில் அமர்ந்து தாயைப் பற்றிப் பேசுதலை ஒக்கும். இந்நாளில் இவ்வூருக்கு மற்றொரு பெயரும் உண்டாயிற்று. அகல் விளக்கும், கொலுப் பொம்மையும், மின்கம்பிகளைத் தாங்கும் வெண்பீங்கான் கிண்ணங்களும் இவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளியூர் செல்கின்றன. பீங்கான் தொழில் கற்பிக்கும் அரசினர் கல்விநிலையமும் இங்குண்டு.

இவ்வூரில் பெரியவர் ஒருவர் ஞாயிறுதோறும் மாலையில் சித்தாந்த பாடம் சொல்லிவந்தார். இளமையில் திருமடமொன்றில் தங்கி, நன்னூல் தொடங்கிச் சித்தியார் ஈறாக முறையே பாடங்கேட்டவர். பாடம் பிறழாமற் சொல்லுதலிலும், பிறழ்ந்து சொல்வாரைப் பொறாமையிலும் ஒருங்கே பெயர் பெற்றவர். அவரிடம் பாடங்கேட்டோர் பதின்மர். கடைவீதி வணிகர் இருவர், இருப்புப்பாதை நிலையத்திற் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஒருவர், திருமுறை ஓதும் அம்மையார் மூவர் முதலாயினோர் அவருள் அடங்குவர். எல்லாரினும் இளையவர் பீங்கான் தொழிற்கூடமொன்றில் வேலை செய்பவர். வேலை முடிந்த கையோடு வருதலின் அவருடைய விரல்நகங்களில் வெண்மண் படிந்திருக்கும். அவர் கடைசி வரிசையில் தூணோரம் அமர்வார், பெரும்பாலும் வினவுவதில்லை.

அன்று நடந்தது சித்தியாரின் அளவையியல். அளவைகளைப் பத்தென விரித்துக் கூறுவாருளர் எனினும், அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பதைப் பெரியவர் விளக்கினார். காட்சிக்கு ஐயமும் திரிவும் குற்றமாதலையும், கருதலுக்கு ஏது இயல்பு, காரியம், அநுபலத்தி என மூவகைப்படுதலையும் எடுத்துரைத்தார். காரிய ஏதுவுக்குப் புகையும் நெருப்பும் பழைய எடுத்துக்காட்டு. புதியதொன்று சொல்லவேண்டும் என்று அவர் கருதிய அக்கணத்தில், தெருவின் எதிர்ப்புறத்துத் தேநீர்க்கடை வானொலியிலிருந்து ஓர் ஓசை எழுந்தது. படமெடுத்த பாம்பு நெளிவதுபோல் வளைந்து வளைந்து வரும் ஓசை அது. பெரியவர் முகம் மலர்ந்தது.

"இதோ கேளுங்கள். பாம்பாட்டியையும் காணோம், பாம்பையும் காணோம். ஆயினும் ஒலிப்பது மகுடி என்று ஐயமின்றி அறிகின்றோம். காரியமாகிய ஓசை காரணமாகிய கருவியை உணர்த்திற்று. புகை கண்டு நெருப்பு அறிதல் போல்வதே இதுவும்" என்றார்.

கடைசி வரிசையிலிருந்து இளைஞர் எழுந்தார். "ஐயா, பொறுத்தருள வேண்டும். அது 'நாகின்' என்னும் பழைய இந்திப் படத்துப் பாட்டு. அதில் ஒலிப்பது மகுடியன்று என்று கேள்விப்பட்டிருக்கிறேன்."

"தம்பி, எழுபது ஆண்டு கேட்ட செவி இது. மகுடியோசை இன்னதென்று இச்செவிக்குப் பிறர் கற்பிக்க வேண்டா. பாடங்கேட்க வந்தவர் பாடங்கேட்டுப் போதலே நன்று."

சிலர் நகைத்தனர். இளைஞர் ஒன்றும் மறுமொழி கூறாது அமர்ந்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தூணோரத்தில் அவர் அமருமிடம் வெறிதாயிருந்தது பெரியவர் கண்ணில் உறுத்திற்று. வேலை மிகுதி போலும் என்று முதலில் தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆயினும் இரவில் திருவைந்தெழுத்தை எண்ண அமருங்கால், எண்ணுவது நழுவி, அன்று சிலர் நகைத்த நகைப்பே நெஞ்சில் வந்து நின்றது.

ஐயம் பிறந்தால் அதனைத் தீர்க்காமல் விடுதல் அவருடைய கல்விக்கு இயல்பன்று. கோயில் திருவிழாக்களில் நாகசுரம் வாசித்து ஓய்ந்த முதியவர் ஒருவரை நாடிச் சென்று, நிகழ்ந்ததைக் கூறாமல், அப்பாட்டை மட்டும் குறித்து வினவினார். முதியவர் சிரித்தார். "அதுவா? அது மகுடியன்று என்பது எங்கள் தொழிலில் உள்ளாரெல்லாம் அறிந்த செய்தி" என்று சொல்லி, தாம் அறிந்தவற்றை விரித்துரைத்தார்.

'நாகின்' 1954-ஆம் ஆண்டு வெளிவந்த இந்தித் திரைப்படம். சென்னையிற் பிறந்த வைஜயந்திமாலா அதில் நாகர் குலப் பெண்ணாக நடித்தார். இசையமைத்தவர் வங்காளத்தைச் சேர்ந்த ஹேமந்த் குமார். பாடியவர் லதா மங்கேஷ்கர். அப்பாட்டின் இடையிடையே ஒலிக்கும் மகுடியோசை நாடெங்கும் பரவிற்று. திரையரங்கினுள் அவ்வோசை கேட்டு மெய்யாகவே பாம்புகள் வந்தன என்று கதை கட்டியவரும் உளர். அவ்வோசையை எழுப்பியவர் பாம்பாட்டி அல்லர். பிற்காலத்தில் தம்பி ஆனந்த்ஜியோடு சேர்ந்து இசையமைப்பாளராய்ப் புகழ்பெற்ற கல்யாண்ஜி என்பவரே 'கிளேவியோலின்' என்னும் மின்விசைக் கருவியில் அதனை வாசித்தார். உடன் ஆர்மோனியம் வாசித்தவர் ரவி. அவரும் பின்னர்ப் பெயர்பெற்ற இசையமைப்பாளரானார். கிளேவியோலின் என்பது பிரெஞ்சு நாட்டு கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947-இல் ஆக்கியது. ஆர்மோனியத்திற்கு உள்ளது போன்ற கட்டைகள் அதற்குண்டு. துருத்தியும் நாக்கும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். வெற்றிடக் கண்ணாடிக் குழல்களினுள் மின்னோட்டம் விட்டுவிட்டுத் துடிக்க, அத்துடிப்பு ஒலிபெருக்கியின் வழியே ஓசையாகும்.

"அங்ஙனமாயின் அஃது எங்ஙனம் மகுடியைப்போலவே ஒலித்தது?" என்று பெரியவர் வினவினார். அவ்வினாவுக்கு விடை நாகசுரக்காரர் சொல்லியது பாதி; பெரியவர் பின்னர்ப் படித்து அறிந்தது பாதி.

மகுடி என்பது சுரைக்குடுக்கையில் இரண்டு குழல்களைச் செருகி மெழுகால் அடைத்தது. ஒரு குழலில் துளைகள் உண்டு, அது பாடும். மற்றொரு குழல் ஒத்தாக ஒரே சுருதியில் நிற்கும். குடுக்கையின் உள்ளே குழலுக்கு ஒன்றாக நாணலிற் சீவிய நாக்குகள் உள. பாம்பாட்டி கன்னத்திற் காற்றைத் தேக்கி, மூச்சறாமல் ஊதுவான். நாணல்நாக்கு குழலின் வாயை அடைத்தும் திறந்தும் துடிக்கும்போது காற்று சீராகச் செல்லாமல் துண்டு துண்டாகச் செல்கின்றது. அவ்வாறு செல்லும் காற்றில் அடிப்படைச் சுரம் ஒன்றே ஒலிப்பதில்லை; அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு எனப் பல துடிப்புகள் உடனொலிக்கின்றன. ஒரே சுருதியில் வீணையும் குழலும் ஒலித்தாலும் நாதம் வேறாகத் தோன்றுதற்குக் காரணம் இவ்வுடனொலிகளின் அளவு வேறுபாடே என்பதை ஜெர்மனி நாட்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். திருவானைக்காவிற் பிறந்த ச. வெ. இராமன், மிருதங்கத்தின் தோலில் அப்பிய கருஞ்சாந்தே அதன் உடனொலிகளை ஒழுங்குபடுத்தி இசைத்தன்மை தருகின்றது என்று 1920-இல் எடுத்துக்காட்டினார். மகுடியின் மூக்கொலி, மேலெழும் உடனொலிகள் செறிந்திருத்தலால் வருவது. கிளேவியோலினில் மின்னோட்டம் துண்டு துண்டாகத் துடித்தலின் அங்கும் உடனொலிகள் செறிகின்றன. நாணல் செய்ததை மின் செய்தது. நெளிவையும் குழைவையும் வாசித்தவரின் கை சேர்த்தது.

செவி ஏமாறுதற்கு இன்னுமோர் ஏதுவும் உண்டு. கருவியை அடையாளங் காட்டுவதில், ஓசை தோன்றும் முதற்கணம் பெரும்பங்கு கொள்கின்றது. 1948-இல் பாரிசு நகரில் பியர் ஷேஃபர் என்பவர் மணியோசையைப் பதிவுசெய்து, நாக்கு மணியிற் படும் முதற்கணத்தை மட்டும் நீக்கி ஒலிக்கச்செய்தார். எஞ்சிய ஓசை மணியோசையாகத் தோன்றாமல், ஊதுகருவியின் ஓசைபோல் ஒலித்தது. கேட்ட ஓசை முழுதும் அம்மணியிலிருந்தே பிறந்தது. ஆயினும் செவி அம்மணியை அறிந்திலது. ஓசையின் பிறப்பைக் கேளாதவர் அதன் தாயை அறியார் போலும்.

நாகசுரக்காரர் இறுதியில் ஒரு வினாவை விடுத்தார். "நீங்கள் மெய்யான மகுடியை எப்போது கேட்டீர்கள்?"

பெரியவர் உடனே விடைசொல்ல வாயெடுத்தார், சொல் வரவில்லை. மகுடி என்றால் அவர் நெஞ்சில் எழுவது மாசிமகப் பெருவிழாவின் இரவுகள். சுவாமி வீதியுலா வரும்போது, நள்ளிரவு கடந்து, நாகசுரக்காரர் புன்னாகவராளியில் 'மகுடி' வாசிப்பார். சிறுவனாய்த் தந்தையாரின் தோள்மேலிருந்து அவர் கேட்டது அதனையே. அது நாகசுரம், மகுடியைப்போல் வாசித்த நாகசுரம். பின்னர்க் கேட்டவை திரைப்படங்களில் ஒலித்தவை. மெய்யான பாம்பாட்டியைச் சந்தையில் ஓரிருமுறை கண்ட நினைவு உண்டு. பாம்பின் நினைவு தெளிவாயுள்ளது, ஓசையின் நினைவு இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்பின் பாம்பைப் பிடித்து வைத்து ஆட்டுதல் குற்றமாயிற்று, பாம்பாட்டிகளும் அருகினர். ஆதலின் இற்றை நாளில் பலரும் மகுடியோசை என்று அறிந்திருப்பது அந்தப் பாட்டின் ஓசையையே. போலி மெய்யின் அளவுகோலாகிவிட்டது. இனி மெய்யான மகுடியைக் கேட்பவர், 'இது மகுடிபோல் இல்லையே' என்று சொல்லவுங்கூடும்.

வீடு திரும்பும் வழியில் பெரியவர் மணிமுத்தாற்றின் பாலத்தருகே நின்றார். ஆற்றைக் கண்டபோது சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாறு நெஞ்சில் எழுந்தது. பழமலைநாதரிடம் பன்னீராயிரம் பொன் பெற்ற சுவாமிகள், அதனை இவ்வாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தருளியதை அறியாத சைவர் இல்லை. ஆற்றில் இடுமுன் அப்பொன்னில் சிறிது மச்சம் வெட்டித் தம்பால் வைத்துக்கொண்டார் என்பதையும் சேக்கிழார் பெருமான் கூறியிருக்கின்றார். ஆரூரில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோதுதான் மாற்றுக் குறைந்திருந்தமை தெரியவந்தது; பதிகம் பாடிய பின்னரே அது நிறைந்தது. தம்பிரான் தோழரே, தம்பிரான் தந்த பொன்னுக்கும் மச்சம் வைத்துக்கொண்டார். பெரியவரோ மகுடிக்கு மச்சம் ஏதும் வைத்துக்கொள்ளாமல் மாற்றுச் சொன்னார். அதனினும் கொடிது, மச்சம் கொண்டுவந்த ஒருவரை அவையில் நாணச்செய்தது.

மறுநாள் முற்பகல் அவர் பீங்கான் தொழிற்கூடத்திற்குச் சென்றார். சூளை அவிந்து ஆறிய நாள். இளைஞர் தரையில் அமர்ந்து, வெந்த பீங்கான்களை ஒவ்வொன்றாக எடுத்து, சிறு மரக்கோலால் தட்டிக் காதருகே பிடித்து, வலமும் இடமுமாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். பெரியவரைக் கண்டதும் திடுக்கிட்டெழுந்து, தோளிலிருந்த துண்டை இடையிற் கட்டிக்கொண்டு வணங்கினார்.

"ஐயா, சொல்லியனுப்பியிருந்தால் நானே வந்திருப்பேனே."

"வேலையை நிறுத்த வேண்டா, தம்பி. என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று காண வந்தேன்."

"தட்டிப் பார்க்கிறேன், ஐயா. நன்றாய் வெந்தது மணிபோல் ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை அமுங்கிப்போகும். கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் காது காட்டிக்கொடுக்கும்."

பெரியவர் ஒன்றனை வாங்கித் தாமும் தட்டிப் பார்த்தார். 1,200 பாகைக்கு மேற்பட்ட வெம்மையில் இறுகிய மண் நெடிது ஒலித்து ஓய்ந்தது. திருக்கோலக்காவில் ஆளுடைய பிள்ளையாருக்கு இறைவன் பொற்றாளம் அருளிய காலத்து, பொன்னுக்கு ஓசை இல்லாமையால் அம்மையே ஓசை கொடுத்தருளினாள் என்னும் தலவரலாறு அவருக்கு நினைவு வந்தது. அங்கு அம்மைக்கு ஓசைகொடுத்த நாயகி என்றே திருப்பெயர். பொருள் ஒன்று, அதில் ஓசை நிற்றல் மற்றொன்று.

"இந்த ஓசையைக் கொண்டு எல்லாவற்றையும் அறியலாமா, தம்பி?"

"விரிசல் உண்டா இல்லையா என்பதை அறியலாம், ஐயா. இது எங்கள் சூளையில் வெந்ததா, பக்கத்துச் சூளையில் வெந்ததா என்பதை ஓசை சொல்லாது. அதைச் சூளையில் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்."

அவர் இதனை எவ்வகைக் குறிப்புமின்றி, தொழிலைப்பற்றியே சொன்னார். பெரியவருக்கோ, நாற்பதாண்டு தாம் சொல்லிய அளவையியல் முழுதும் அவ்விரண்டு வாக்கியங்களில் அடங்கிக் கிடந்தது. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள உடனிகழ்ச்சி பிறழாதது. நெருப்பின்றிப் புகை எழாது. ஓசைக்கும் கருவிக்கும் அவ்வுறுதி இல்லை. மகுடியின்றியும் மகுடியோசை எழும். ஒத்தைக்கொண்டு அறியலாமெனின், ஆர்மோனியமும் ஒத்துப்போல் நிற்க வல்லது. ஆதலின் அன்று அவர் காட்டிய ஏது, அசித்தம், விருத்தம், அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலி மூன்றனுள் அநைகாந்திகமாய் முடிந்தது. ஓசை உண்மையால் அதனை எழுப்பிய காரணம் ஒன்று உண்டு என்பது வரையில் கருதல் தவறாது. அக்காரணம் இன்னது என்று தீர்த்தது எது? வாசித்தவர் யார், எதனை வாசித்தார் என்னும் உரை. காட்சியும் கருதலும் நின்றவிடத்தில் உரை வந்து முடித்தது.

"தம்பி, அன்று நீங்கள் சொன்னதே மெய். விசாரித்து அறிந்தேன். பிழை என்னுடையது, அதனினும் பெரிய பிழை, உங்களை அவையில் அப்படிப் பேசியது."

இளைஞர் தலைகுனிந்து நின்றார். "ஐயா இப்படிச் சொல்லலாகாது. நான் வராமற்போனது கோபத்தால் அன்று. எல்லாரும் சிரித்த பிறகு எந்த முகத்தோடு வருவது என்று தெரியவில்லை."

"ஞாயிறு வாருங்கள். ஏதுப்போலி பாடம் இருக்கிறது."

ஞாயிறன்று வகுப்பு நிறைந்திருந்தது. இளைஞர் தூணோரத்தில் வழக்கம்போல் அமர்ந்தார். பெரியவர் பாடத்தைத் தொடங்குமுன் அருணந்தி சிவாசாரியார் வரலாற்றைக் கூறினார். சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அவர், மெய்கண்டாரின் தந்தையாருக்குக் குலகுரு. ஆகமமெல்லாம் உணர்ந்த செருக்கோடு இளஞ்சிறாராகிய மெய்கண்டாரிடம் சென்று, ஆணவத்தின் சொரூபம் யாது என்று வினவினார். மெய்கண்டார் விடை ஒன்றும் சொல்லாமல், நின்றவரை அடிமுதல் முடிவரை நோக்கியருளினார். வினவி நிற்கும் அந்நிலையே ஆணவத்தின் சொரூபம் என்பது அப்பார்வையின் பொருள். பண்டிதர் அதனை உணர்ந்து, தம் மாணவர் வீட்டுப் பிள்ளையின் திருவடியில் வீழ்ந்து மாணவரானார்.

"சென்ற பாடத்தில் காரிய ஏதுவுக்கு என்று ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னேன். அஃது ஏதுவன்று, ஏதுப்போலி. அதனை அன்றே அறிந்து சொன்னவர் அந்தத் தம்பி. ஏதுப்போலி எங்ஙனம் பிறக்கிறது என்பதற்கு இன்று வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டா, அஃது உங்கள் முன்னர் அமர்ந்து பாடஞ்சொல்லிக்கொண்டிருக்கிறது" என்று பெரியவர் தம்மையே சுட்டிக்காட்டினார். இம்முறை ஒருவரும் நகைக்கவில்லை. அம்மையார் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னர்ப் பாடம் நடந்தது.

வகுப்பு முடிந்தபின் பெரியவரும் இளைஞரும் கோயிலுக்குச் சென்றனர். ஆழத்துப் பிள்ளையாரை வணங்கி உட்சென்று, இருபத்தெட்டுச் சிவலிங்கங்கள் உள்ள ஆகமக் கோயிலின்முன் நின்றனர். காமிகம் முதல் வாதுளம் ஈறாகிய ஆகமங்கள் இருபத்தெட்டையும் முருகப்பெருமான் இலிங்க வடிவாகத் தாபித்து வழிபட்டார் என்பது தலவரலாறு. அந்நாள் வரையில் பெரியவர் அவ்விலிங்கங்களை எண்ணி வணங்கியதுண்டு. அன்று அவை வேறொரு பொருளையும் உணர்த்தின.

குடமாகிய காரியத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது சைவப் பிள்ளைகள் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலைக் கண்டு, அதற்குக் கருத்தா ஒருவன் உண்டு என்று துணிவதும் அம்முறையே. அத்துணிவு உண்மை, அதனைச் சிவஞானபோதம் முதற் சூத்திரத்திலேயே நிறுவுகின்றது. ஆயினும் அக்கருத்தா எத்தகையன், உயிர்க்கு அவனோடு உள்ள தொடர்பு யாது, அவனை அடையும் நெறி யாது என்பவற்றைக் காரியத்தைத் தட்டிப் பார்த்து அறிதல் இயலாது. அவற்றை அறிவிக்க அவனே திருவாய்மலர்ந்தருளிய மொழியே ஆகமம். தட்டிப் பார்ப்பது நம் கடன். சொல்லியருள்வது அவன் கருணை. அச்சொல்லும் எங்கிருந்து வரும் என்று முன்னறிதல் அரிது. எட்டாஞ் சூத்திரம், ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த உயிர்க்கு முதல்வனே குருவாய் வந்து உணர்த்துதலைக் கூறுகின்றது. அவ்வேடருள் செவியும் ஒன்று. உணர்த்த வருவோர் வயதில் மூத்தவராயும், ஆசனத்தில் அமர்ந்தவராயும்தான் இருக்கவேண்டும் என்னும் விதி இல்லை. வெண்மண் படிந்த விரலோடு தூணோரத்திலிருந்தும் எழலாம்.

அன்றுமுதல் அவ்வகுப்பில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. யாரேனும் ஒன்றை 'ஐயமில்லை' என்று அழுத்திச் சொன்னால், மற்றவருள் ஒருவர், "மச்சம் உண்டா?" என்று மெல்ல வினவுவார். பெரும்பாலும் அவ்வினாவை விடுப்பவர் பெரியவரே. அவர் அதனைத் தமக்கே விடுத்துக்கொள்வதும் உண்டு.

திருச்சிற்றம்பலம்.